விவாதம்: மார்ட்டின் ஓடேகார்ட் 16 வயதில் மாட்ரிட் சென்றிருக்க வேண்டுமா?

நடுக்களத்தான்:

நண்பர்களுக்கு வணக்கம். 1998க்குப் பிறகு முதன்முறையாக நார்வே ஆடவர் கால்பந்து அணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அந்த அணியின் தலைவர் ஓடேகார்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "சின்ன வயதிலேயே மாட்ரிட்டுக்குப் போய் ஆறு ஆண்டுகளைத் தொலைத்தவர்" என்ற ஒற்றை வரியோடு பலர் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை விரிவாக எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2014 ஏப்ரல் 13 அன்று ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் அணிக்காக நார்வே முதல்நிலை லீக்கில் அவர் அறிமுகமானபோது வயது 15 ஆண்டுகள் 117 நாள்கள். அந்த லீக்கில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் ஆடியதில்லை. அடுத்த மாதமே சார்ப்ஸ்போர்க் அணிக்கு எதிராகத் தம் முதல் கோலை அடித்தார். ஆகஸ்டு 27 அன்று ஸ்டவாங்கரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக நாட்டுக்காகவும் ஆடிவிட்டார். அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராக ஆஸ்லோவில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் வரலாற்றிலேயே மிக இளைய வீரரானார். ஐஸ்லாந்து வீரர் ஒருவர் 1983இல் படைத்திருந்த சாதனை அன்று முறிந்தது. இத்தனையும் ஒரே ஆண்டில் நடந்தவை. பதினாறாவது பிறந்தநாள் அந்த டிசம்பர் 17இல்தான் வந்தது.

பிறகு ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரையும் அவருடைய தந்தையையும் அழைத்துப் பயிற்சித் திடல்களைச் சுற்றிக் காட்டின. 2015 ஜனவரி 22 அன்று அவர் தேர்ந்தெடுத்தது ரியல் மாட்ரிட்டை. இந்தத் தேதிக்கும் ஒரு காரணம் உண்டு. 18 வயது நிரம்பாத வீரர்களை வேறு நாட்டுக் கழகங்கள் சேர்க்கக் கூடாது என்பது ஃபிஃபாவின் பொது விதி. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்குள் மட்டும் 16 முதல் 18 வயது வரை விலக்கு உண்டு. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அந்த மண்டலத்தில் இருக்கிறது. எனவே 16 வயது நிரம்பிய பிறகு வந்த முதல் குளிர்கால மாற்றுச் சாளரத்திலேயே ஒப்பந்தம் முடிந்தது.

ஆறரை ஆண்டுகள் மாட்ரிட்டின் ஒப்பந்தத்தில் இருந்து, முதல் அணிக்காக அவர் ஆடியவை மொத்தம் 11 போட்டிகளே. இந்த எண்ணைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் மாட்ரிட் அவரைக் கடனாக அனுப்பிய கழகங்களில், நெதர்லாந்தின் ஹீரன்வீனில் ஒன்றரை ஆண்டு, அதே நாட்டின் விட்டெஸில் ஒரு முழுப் பருவம், ஸ்பெயினின் ரியல் சோசியடாடில் ஒரு முழுப் பருவம் என்று முதல்நிலை லீக்குகளில் வாராவாரம் ஆடிய ஆட்டங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்று இங்கிலாந்தின் ஆர்சனலில் நாம் காணும் நடுக்கள வீரர் அந்த ஆட்டங்களில் உருவானவர் என்பதே என் வாதம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

வடசென்னை விங்கர்:

அண்ணா, நீங்கள் தந்திருக்கும் விவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை. அவற்றிலிருந்து வந்தடையும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. ஹீரன்வீனிலும் விட்டெஸிலும் கற்றுக்கொண்டார் என்கிறீர்கள். அதைக் கற்றுக்கொள்ள மாட்ரிட் வழியாக ஏன் போக வேண்டும்? நார்வேயிலிருந்து நேராகவே நெதர்லாந்துக்குப் போயிருக்கலாமே.

அதே நாட்டின் மற்ற இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எர்லிங் ஹாலண்ட் பிரைனாவில் தொடங்கி, மோல்டவுக்குப் போய், அங்கிருந்து 2019 ஜனவரியில் சால்ஸ்பர்க், 2020 ஜனவரியில் டார்ட்மண்ட், 2022இல் மான்செஸ்டர் சிட்டி என்று படிப்படியாக ஏறியவர். நடுக்கள வீரரான சாண்டர் பெர்க வாலரெங்காவிலிருந்து 2017இல் பெல்ஜியத்தின் கெங்க் கழகத்துக்குப் போய், லீக் பட்டம் வென்று, அதற்குப் பிறகே இங்கிலாந்துக்கு வந்தார். இருவருமே ஒவ்வொரு கழகத்திலும் அணிக்குத் தேவையானவர்களாக இருந்தார்கள். ஓடேகார்டோ 16 வயதில் முதல் அணியோடு பயிற்சி, இரண்டாம் அணியான காஸ்டியாவோடு ஆட்டம் என்று இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நின்றார். காஸ்டியா அப்போது ஸ்பெயினின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. வாரம் முழுவதும் ரொனால்டோவோடும் மோட்ரிச்சோடும் பயிற்சி செய்துவிட்டு, ஆட்ட நாளில் மட்டும் வந்து சேரும் ஒருவனால் அந்த அணியின் பிள்ளைகளோடு எப்படி ஒட்ட முடியும்? நடுக்கள ஆட்டம் என்பதே பக்கத்தில் ஆடுபவன் எந்தக் காலால் பந்தை வாங்குவான், எப்போது ஓடுவான் என்று தெரிந்து ஆடுவதுதான். அந்தப் பழக்கம் கூடப் பயிற்சி செய்யாமல் வராது.

2015 மே 23 அன்று கெட்டாஃபேக்கு எதிராக, ஹாட்ரிக் அடித்திருந்த ரொனால்டோவுக்கு மாற்றாக 58ஆவது நிமிடத்தில் அவரை இறக்கினார்கள். மாட்ரிட்டின் வரலாற்றில் மிக இளைய வீரர் என்று ஏடுகள் கொண்டாடின. 7-3 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் பட்டப் போட்டி எதுவும் மிச்சமில்லை. அடுத்த பருவம் முழுவதும் முதல் அணியில் ஒரு நிமிடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளையின் வளர்ச்சிக்காக எடுக்கப்பட்ட முடிவாக இது எனக்குத் தோன்றவில்லை.

ஒஸ்லோ வாசகன்:

வணக்கம். நான் பல ஆண்டுகளாக நோர்வேயில் வசிப்பவன். என் பிள்ளைகளும் இங்குள்ள ஒரு சிறிய கழகத்தில் உதைபந்தாட்டம் விளையாடி வளர்ந்தவர்கள். இருவர் கருத்தையும் வாசித்தேன். இந்த விவாதம் மட்றிட்டில் தொடங்குவதே பிழை என்று நினைக்கிறேன். அதற்கு முன்னைய பதினைந்து ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

ஒடேகார்ட் பிறந்து வளர்ந்த டிராமன், ஒஸ்லோவிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். தந்தை ஹான்ஸ் எரிக் ஒடேகார்ட் தாமும் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் கழகத்தின் நடுக்கள வீரராக இருந்தவர், பின்னர் பயிற்றுநரானவர். சிறுவன் முதலில் சேர்ந்தது டிராமன் ஸ்ட்ரோங் என்ற குடியிருப்புப் பகுதிக் கழகத்தில். அங்கிருந்த கற்பொடித் திடலைச் செயற்கைப் புல்தரையாக மாற்றுவதற்குப் பெற்றோரே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இது இங்கே அபூர்வமான செய்தியன்று. பெற்றோர் சம்பளமின்றிக் கூடி வேலை செய்வதில்தான் இந்நாட்டின் கழகங்கள் நடக்கின்றன: ஒருவர் பயிற்றுநர், ஒருவர் கோப்பிக் கடைப் பொறுப்பு, இன்னொருவர் பனி வழிப்பவர். குளிர்காலம் நீண்ட நாட்டில் செயற்கைத் தரை இல்லையென்றால் ஆண்டில் பாதிக்குப் பந்தைத் தொட முடியாது. பெரிய கழகங்களின் வீரர்கள் ஆடும் அளவுக்குச் சீரான தரை ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டருகே கிடைத்தது. தந்தையோடு நாளெல்லாம் அங்கேயே கிடந்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோர்வேயின் சிறுவர் விளையாட்டு விதிகளின்படி, 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசியச் சம்பியன் போட்டிகளும் கிடையாது. வெல்வதற்காகப் பந்தை நெடுந்தூரம் உதைத்துவிடு என்று சிறுவனிடம் கத்த வேண்டிய தேவை பயிற்றுநருக்கு இல்லை. தந்தை மகனுக்குத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தது இரண்டே விடயங்கள்: பந்து வந்து சேருமுன் தலையைத் திருப்பிச் சுற்றுப்புறத்தைப் பார்ப்பது, முதல் தொடுகையிலேயே பந்தை அடுத்த செயலுக்குத் தயாராக வைப்பது. 2009இல் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் இளையோர் பிரிவுக்குப் போகும்போதே அவை அவனிடம் இருந்தன.

2013இல் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் லீக் சம்பியனானது. அந்த அணியின் பயிற்றுநர் ரொன்னி டைலாதான் அடுத்த ஏப்ரலில் சிறுவனைக் களமிறக்கினார்; ஜூனில் அவர் செல்ற்றிக் கழகத்துக்குப் போய்விட்டார். 15 வயதுச் சிறுவன் அந்தப் பருவத்தில் லீக்கில் ஐந்து கோல்கள் அடித்தான். இன்னும் ஓராண்டு இங்கே ஆடியிருக்கலாம் என்று இங்கு பலர் இன்றும் ஆதங்கப்படுகிறார்கள். அந்த ஆதங்கத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அன்று அந்தக் குடும்பம் கண்மூடித்தனமாகப் பெயருக்கு மயங்கியது என்று சொல்வதை ஏற்க மாட்டேன். தந்தை தாமே பயிற்றுநர். பல கழகங்களை நேரில் போய்ப் பார்த்து, பயிற்சி செய்து, ஒப்பிட்டு எடுத்த முடிவு அது. சினடின் சிடான் அப்போது கஸ்டியாவின் பயிற்றுநராக இருந்ததும் ஒரு நடுக்கள வீரருக்குச் சிறிய விடயமன்று.

வெண்சட்டை:

மாட்ரிட் ரசிகனாக என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டியாக் காலத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. அது சரியாகத் திட்டமிடப்படவில்லை. ஆனால் எனக்குப் பெரிய பிழையாகத் தோன்றுவது 2015 அன்று, 2020.

சோசியடாடில் அவர் ஆடிய அந்தப் பருவத்தை முழுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லீகாவின் அந்த மாதத்துக்கான சிறந்த வீரர் விருதைப் பெற்றார். பயிற்சியாளர் இமானோல் அல்குவாசிலின் அணியில் மிக்கேல் மெரினோ, ஓயர்சாபல், அலெக்சாண்டர் இசாக் ஆகியோரோடு அவர் ஆடிய ஆட்டத்தில் ஒரு தெளிவு இருந்தது. 2020 பிப்ரவரி 6 அன்று ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயின் காலிறுதிக்கு சோசியடாட் எங்கள் பெர்னபெயு அரங்குக்கு வந்தது. முதல் கோலை அடித்தவர் எங்கள் ஒப்பந்தத்திலேயே இருந்த ஓடேகார்ட். ஆட்டத்தை 4-3 என்று அவர்கள் வென்றார்கள். பிறகு அந்தக் கோப்பையையும் வென்றார்கள், ஆனால் பெருந்தொற்றால் இறுதிப் போட்டி 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போய், அதற்குள் அவர் அங்கிருந்து கிளம்பியிருந்தார்.

அவர் சோசியடாடின் ஊரான சான் செபாஸ்தியானில் இன்னொரு பருவம் தொடர்வார் என்றே நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். மாட்ரிட் அவரை ஓராண்டிலேயே திரும்ப அழைத்துக்கொண்டது. காசமீரோ, குரூஸ், மோட்ரிச், வால்வெர்டே என்று இருந்த நடுக்களத்தில் ஐந்தாவது ஆளாக, முழங்கால் வலியிலிருந்து மீண்டுவந்த ஒரு 21 வயது வீரரை உட்கார வைக்கவா அவ்வளவு அவசரமாக அழைத்தார்கள்? லீக்கில் ஏழு ஆட்டங்கள், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக. ஜனவரி இறுதியில் தாமே கேட்டுக்கொண்டு லண்டனுக்குப் போனார். மோட்ரிச்சுக்கு அப்போதே வயது 35. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கான விடை எங்கள் கையிலேயே இருந்தது. 2021 ஆகஸ்டில் அதை ஆர்சனலுக்குக் கொடுத்துவிட்டோம்.

நடுக்களத்தான்:

வெண்சட்டை அவர்களே, 2020ஐ நீங்கள் சுட்டியது இந்த இழையின் மையத்தைத் தொடுகிறது. ஐந்து ஆண்டுகளாக ஒரு வீரரை நல்ல முறையில் வளர்த்துவிட்டு, பலன் தரும் பருவத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

விங்கர் தம்பிக்கு ஒரு பதில். ஹாலண்டோடு ஒப்பிடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. முன்கள வீரர் எந்த லீக்கில் கோல் அடித்தாலும் அந்த எண்ணிக்கையே அவருக்காகப் பேசும். அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும். நடுக்கள வீரரின் மதிப்பு அவரைச் சுற்றியுள்ள பத்துப் பேரின் தரத்தைப் பொறுத்தது. நல்ல பாஸைக் கொடுத்தாலும் வாங்குபவன் ஓடாவிட்டால் அது பிழையான பாஸாகத்தான் தெரியும். பெர்கவோடு செய்யும் ஒப்பீடு இதைவிட வலுவானது, அதை மறுக்கவில்லை. அதிலும் பெர்க நார்வேயை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு 18 வயது நிரம்பியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை எந்தப் பெரிய கழகமும் 15 வயதில் துரத்தவில்லை. ஓடேகார்ட் நார்வேயிலேயே இருந்திருந்தால் அந்தத் துரத்தல் நின்றிருக்குமா? ஒவ்வொரு வாரமும் பார்வையாளர் மாடத்தில் வேவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, டிராமனில் அமைதியாக வளர்ந்திருப்பார் என்று எண்ணுவது கடினம்.

கயல்:

இதுவரை எல்லோரும் கழகங்களைப் பற்றியே பேசிவிட்டீர்கள். அவர் உண்மையில் களத்தில் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாமா? அதைப் பார்த்தால்தான் கடன் ஆண்டுகள் எதைக் கொடுத்தன என்று தெரியும்.

இடதுகால் வீரரான அவர் ஆர்சனலில் நடுக்களத்தின் வலப்பக்கம் ஆடுகிறார். எதிரணியின் இடது பின்கள வீரருக்கும் மையத் தடுப்பாளருக்கும் இடையே, தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால் இருக்கும் இடைவெளிதான் அவருடைய இருப்பிடம். ஏதேனும் ஒரு முழு ஆட்டத்தை எடுத்து, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து வலது பின்கள வீரர் பென் வைட்டின் காலில் இருக்கும்போது ஓடேகார்டின் தலை ஒருமுறை வலத்தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பும், உடனே இடத்தோளுக்கு மேலாக. பாஸ் கிளம்பிய பிறகும், பந்து வந்துகொண்டிருக்கும் அந்த அரை நொடியில், மறுபடியும் ஒருமுறை திரும்பும். அதனால்தான் பந்து வந்ததும் அவர் நிறுத்துவதில்லை. உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டு இடதுகாலுக்கு எடுத்துக்கொள்கிறார். தடுக்க வந்தவன் அவருடைய வலப்பக்கம் போய் நிற்கிறான். ஆஸ்லோவிலுள்ள நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியின் ஆய்வாளர் கெய்ர் யூர்டெட், பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கும் வீரர்களின் பாஸ்கள் கூடுதலாக வெற்றி பெறுகின்றன என்பதைப் பிரீமியர் லீக் வீரர்களைப் படமெடுத்து ஆராய்ந்து காட்டியவர். ஒஸ்லோ அண்ணா சொன்ன, தந்தை கற்றுக்கொடுத்த பழக்கம் இதுதான்.

ஆனால் தந்தை கற்றுக்கொடுத்ததோடு முடிந்துவிடவில்லை. 2014இல் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட்டுக்காக ஆடிய காட்சிகளைப் பார்த்தால், பந்து காலில் வந்ததும் இரண்டு பேரைத் தாண்டிப் போக நினைக்கும் ஒரு சிறுவனைக் காண்கிறோம். ஹீரன்வீனிலும் பெரும்பாலும் வலது ஓரத்தில்தான் ஆடினார். விட்டெஸில் பயிற்சியாளர் லியோனிட் ஸ்லுட்ஸ்கியின் கீழ், எட்டு லீக் கோல்கள் அடித்த பருவத்தில், பந்தை எப்போது வைத்திருப்பது, எப்போது உடனே விடுவது என்ற முடிவு பிடிபட்டது. சோசியடாடில் முழுமையாக மையத்துக்கு வந்தார்.

இன்னொரு பாதி, பந்து எதிரணியிடம் இருக்கும்போது நடப்பது. ஆர்சனலின் பிரெஸ்ஸிங்கைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் அவர்தான். எதிரணிக் கோல்கீப்பர் பந்தை ஒரு மையத் தடுப்பாளருக்குத் தள்ளியதும், மற்றொரு பக்கத்துக்கான வழியை உடலால் அடைத்தபடி வளைந்து ஓடுவார். ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று சக வீரர்களுக்குக் காட்டுவார். 16 வயதில் அவரைக் கலைஞன் என்று கொண்டாடியவர்கள் எவரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இந்த உழைப்பு காஸ்டியாவில் கிடைத்ததன்று. ஒவ்வொரு புதிய கழகத்திலும் தம் இடத்தை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டியிருந்த ஒருவருக்கு வந்து சேர்ந்தது என்று கருதுகிறேன்.

பீரங்கிப் படை:

கயல் எழுதியதை ஆர்சனல் ரசிகர்கள் அனைவரும் வழிமொழிவார்கள். 2021 ஜனவரியில் அவர் வந்தபோது நாங்கள் அட்டவணையின் நடுவே தத்தளித்துக்கொண்டிருந்தோம். மார்ச் 11 அன்று ஒலிம்பியாகோஸுக்கு எதிராக முதல் கோல். மூன்று நாள் கழித்து டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டாவது. அந்த வார இறுதியிலேயே இவரை நிரந்தரமாக வாங்கிவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது.

தலைமைப் பொறுப்பு வந்த சூழலையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் அப்போதைய தலைவர் ஆபமெயாங்கிடமிருந்து தலைவரின் கைப்பட்டை பறிக்கப்பட்டது. அதற்கு முன்னவர்களின் காலமும் சுமுகமாக முடியவில்லை. 2022 ஜூலையில் 23 வயதில் அந்தப் பட்டை இவரிடம் வந்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் 15 கோல்கள், ஏழு அசிஸ்டுகள். அணி 248 நாள்கள் முதலிடத்தில் இருந்தது. 2023 ஏப்ரலில் சலிபா காயத்தால் இல்லாத தடுப்பு வரிசை தடுமாறியபோது, எங்கள் எமிரேட்ஸ் அரங்கில் சவுதாம்ப்டனுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கிய நிலையில் 88ஆவது நிமிடத்தில் இவர்தான் கோல் அடித்து நம்பிக்கையைத் திருப்பித் தந்தார். 3-3. வெல்ல முடியவில்லை, ஆனால் அன்றைய அரங்கின் இரைச்சலை நேரலையில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த பருவத்தில் 89 புள்ளிகள் எடுத்தோம். சிட்டி 91 எடுத்தது. இரண்டு பருவங்களிலும் கழகத்தின் சிறந்த வீரராக ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

2025 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மாட்ரிட்டை லண்டனில் 3-0 என்றும் பெர்னபெயுவில் 2-1 என்றும் வென்றபோது, 11 ஆட்டங்களோடு அனுப்பிவைக்கப்பட்ட அதே அரங்கில் எதிரணித் தலைவராக அவர் நின்றார். வெண்சட்டை நண்பருக்கு அந்த இரவு வலித்திருக்கும் என்று தெரியும்; எங்களுக்கு அது பல ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய இரவு.

வடசென்னை விங்கர்:

அவருடைய தரத்தை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2022-23, 2023-24, 2024-25 மூன்று பருவங்களிலும் இரண்டாமிடம். அந்த மூன்று பருவங்களில் அவர் தலைவராகக் கையில் ஏந்தியது 2023இன் கம்யூனிட்டி ஷீல்டு என்ற ஒற்றை ஆட்டக் கோப்பை ஒன்றுதான். மிகப் பெரிய ஆட்டங்களில், குறிப்பாக 2025இல் பாரிஸ் அணிக்கு எதிரான அரையிறுதியில், ஆட்டத்தைத் தன் பக்கம் இழுக்க அவரால் முடியவில்லை. அந்த 2024-25 பருவத்தில் லீக்கில் மூன்று கோல்கள்தான். கடன் ஆண்டுகள் அவரை நல்ல வீரராக்கின என்று ஒப்புக்கொண்டாலும், 16, 17 வயதில் தாம் வேண்டப்படாத இடத்தில் கழித்த காலம் அவரிடம் ஒருவிதத் தயக்கத்தை விட்டுச்சென்றதோ என்று தோன்றுகிறது. கோல்முனையில் தாமே அடிக்கலாம் என்ற இடத்தில் இன்னொரு பாஸ் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கயல்:

விங்கர் அண்ணா, அந்தப் பருவத்தைக் காயத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2024 செப்டம்பர் 9 அன்று ஆஸ்லோவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக நாட்டுக்காக ஆடும்போது கணுக்காலில் தசைநார் கிழிந்தது. திரும்பி வர நவம்பர் ஆகிவிட்டது. வந்த பிறகும் பழைய வேகத்தில் திரும்பிச் சுழல அவரால் முடியவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. அவருடைய ஆட்டம் முழுவதும் அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. அடுத்த பருவத்தின் தொடக்கம் இன்னும் மோசம். 2025 ஆகஸ்டில் லீட்ஸுக்கு எதிராகத் தோள், செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மறுபடியும் அதே தோள், அக்டோபர் 4 அன்று வெஸ்ட்ஹாமுக்கு எதிராக முழங்கால். லீக்கில் அடுத்தடுத்துத் தொடக்க அணியில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் இடைவேளைக்கு முன்பே வெளியேற வேண்டியிருந்தது. பிரீமியர் லீக் வரலாற்றில் வேறு யாருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

15 வயதில் பெரியவர்களோடு ஆடத் தொடங்கிய உடல் அது. 27 வயதைத் தொடும்போது அதற்குப் பின்னால் 11 ஆண்டுகளின் ஆட்டங்கள் இருக்கின்றன. சிறு வயதில் களமிறக்குவதைப் பற்றிப் பேசும்போது எந்தக் கழகம் என்பதைவிட எத்தனை நிமிடங்கள் என்பதே பெரிய கேள்வி. பாஸ் தேடும் பழக்கத்தைத் தயக்கம் என்று நான் பார்க்கவில்லை. 15 கோல்கள் அடித்த பருவத்திலும் அவர் அப்படித்தான் ஆடினார்.

ஒஸ்லோ வாசகன்:

நாட்டு அணியைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

நோர்வே உலகக் கிண்ணத்தில் 1994, 1998 ஆண்டுகளில் ஆடிய காலத்தில் பயிற்றுநர் ஏகில் ஓல்சன். இடத்தைக் காக்கும் தடுப்பாட்டம், நடுக்களத்தில் ஐவர், பந்து கிடைத்ததும் வலது ஓரத்தில் நிற்கும் உயரமான யூஸ்டைன் ஃப்ளோவின் தலையை நோக்கி நீண்ட குறுக்குப் பந்து, அங்கிருந்து சிதறும் பந்தைப் பிடிக்க ஓடிவரும் நடுக்கள வீரர்கள். அழகில்லை என்று பலர் குறை சொன்னார்கள். ஆனால் அந்த முறையால் இச்சிறிய நாடு 1993இல் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. ஷெட்டில் ரெக்டால் 1994இல் மெக்சிக்கோவுக்கு எதிராகவும், 1998 ஜூன் 23 அன்று மார்செயில் பிரேசிலுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டியிலும் அடித்த கோல்களை இங்கே பாட்டிமாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒடேகார்ட் பிறந்தது அந்த பிரேசில் வெற்றிக்கு ஆறு மாதம் கழித்து. ஆகவே அவரது தலைமுறைக்கு உலகக் கிண்ணம் என்பது பெற்றோர் சொன்ன கதை மட்டுமே.

2021 மார்ச்சில் நாட்டு அணியின் பயிற்றுநர் ஸ்டோலே சோல்பாக்கன் 22 வயது ஒடேகார்டைத் தலைவராக்கியபோது, மூத்தவர்கள் இருக்க ஏன் இவர் என்ற கேள்வி எழத்தான் செய்தது. முன்னைய அக்டோபரில் செர்பியாவிடம் மேலதிக நேரத்தில் தோற்று ஐரோப்பியக் கிண்ண வாய்ப்புப் போயிருந்தது. பிறகு 2022 உலகக் கிண்ணம் போனது. 2023 ஜூனில் ஒஸ்லோவில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் வாங்கியபோது 2024 ஐரோப்பியக் கிண்ணமும் கைநழுவத் தொடங்கியது. ஹாலண்டும் ஒடேகார்டும் இருந்தும் தகுதி பெறாத அணி என்ற பேச்சு அவர்மீதே அதிகம் விழுந்தது.

2025இல் நிலைமை மாறியது. தகுதிச்சுற்றின் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி, மொத்தம் 37 கோல்கள், அவற்றில் ஹாலண்ட் மட்டும் 16. ஜூன் 6 அன்று ஒஸ்லோவில் இத்தாலியை 3-0 என்று வென்றபோது மூன்று கோல்களும் முதற்பாதியிலேயே வந்தன. நவம்பர் 16 அன்று மிலானில் 4-1 என்று வென்று தகுதி உறுதியான இரவில் ஒடேகார்ட் காயத்தால் ஆடவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய வலி என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் அவரில்லாமலே அந்த வெற்றி வந்தது, அவர் தலைமையில் நாலு ஆண்டுகளாக உருவான அணியின் பலத்தைத்தான் காட்டுகிறது.

நடுக்களத்தான்:

ஒஸ்லோ ஐயா எழுதியதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. உலகக் கோப்பைக்கு முன் இதைப் பேசிவிடுவது நல்லது. சோல்பாக்கனின் அணியில் 195 செ.மீ. உயரமுள்ள அலெக்சாண்டர் சோர்லோத் பல ஆட்டங்களில் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறார். ஓல்சனின் அணியில் ஃப்ளோ நின்ற இடமும் ஏறத்தாழ அதுதான். ஆர்சனலில் ஓடேகார்டுக்கு வலப்பக்கம் சாக்கா பந்தைக் காலில் வாங்க நிற்பார்; நாட்டு அணியில் தலையால் வாங்கக்கூடிய ஒருவர் நிற்கிறார். இடப்பக்கம் அன்டோனியோ நூசா ஆளைத் தாண்டிப் போகிறார், நடுவில் ஹாலண்ட் பின்னால் ஓடுகிறார். பின்னால் பெர்க காவல் நிற்பதால் ஓடேகார்ட் கவலையின்றி முன்னேறலாம். எதிரணி அழுத்தினால் நீண்ட பந்து, பின்வாங்கினால் அவருடைய குறுகிய பாஸ் என்று இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன.

இந்த அமைப்பில் அவர் வழக்கம்போல் வலப்பக்கத்து இடைவெளியில் நிற்க வேண்டுமா, சோர்லோத் உள்ளே வரும்போது ஏற்படும் நெரிசலைத் தவிர்க்க இன்னும் ஆழத்தில் இறங்கி, பெர்கவுக்குப் பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமா? மிலானில் அவரில்லாமல் ஆடிய நடுக்களத்தைப் பார்த்தவர்கள் இதற்கு விரிவாகப் பதில் எழுதுங்கள்.